ஆண்டறிக்கை 2025: பாளையங்கோட்டை பேஸ்பால் பேன்டசி லீக்

தலைவர் அண்ணாச்சிக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களைக் கற்பனைப் பணத்தில் ஏலம் எடுத்து அணி சேர்த்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணும் நம் லீக்கின் இந்த ஆண்டுக் கதை இது.

மார்ச் ஏலம் வண்ணார்பேட்டையில் உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. வெளிநாட்டு உறுப்பினர்கள் வீடியோவில் சேர்ந்துகொண்டார்கள். சீசன் செப்டம்பரில் முடிந்தது, அக்டோபரில் கோப்பை கொடுத்தோம்.

இனி சம்பள வரம்பு, அதாவது ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குச் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை. இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

1980-ல் டேனியல் ஓக்ரென்ட் நியூயார்க்கில் நண்பர்களோடு தொடங்கிய, இந்த மாதிரி ஏல விளையாட்டுக்கு முன்னோடியான ரோட்டிசரி லீக்கின் வழிவந்தவர்கள் நாம். ஓர் அணிக்கு 260 டாலர், 23 ஆட்டக்காரர்கள் என்ற வழக்கத்தையே வைத்திருக்கிறோம். இந்த டாலர் கணக்குக்கு மட்டும்தான். ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் வந்த பிறகு சிலர் விசாரித்ததால் சொல்கிறேன்: நம்மிடம் பணப் பரிசு கிடையாது.

மறுபடி ஏலத்துக்கு விடாமல் அடுத்த ஆண்டுக்கும் தக்கவைக்கும் ஆட்டக்காரரின் விலை ஏறாததுதான் பிரச்சினை. கேல் ராலியை நம்மில் ஒருவர் 6 டாலருக்கு எடுத்தார். கேட்சராக (கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்துகொண்டு அவர் இந்த ஆண்டு 60 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடித்தார். இன்றைய விதிப்படி அடுத்த ஆண்டும் 6 டாலர், அதற்கடுத்த ஆண்டும் 6 டாலர். எடுத்தவரின் கெட்டிக்காரத்தனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பத்து அணிக்கும் சேர்த்து இருப்பது 2,600 டாலர். 1,000 டாலர் பெறுமானமுள்ளவர்களை 500-க்குத் தக்கவைத்துவிட்டால், மீதி 2,100 டாலர் 1,600 பெறுமானத்தைத் துரத்துகிறது. 40 டாலர் ஆட்டக்காரர் 52-க்குப் போகிறார். புதிதாகச் சேர்ந்த அணி எப்படி எழும்பும்?

அதனால் தக்கவைத்தால் ஆண்டுக்கு 5 டாலர் கூடும், மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று விதி எழுதினேன். சீசன் நடுவே எந்த அணியின் சம்பளமும், அதாவது அதன் ஆட்டக்காரர்களின் மொத்த விலையும், 310 டாலரைத் தாண்டக் கூடாது என்றும் சேர்த்தேன். ஆகஸ்டில் தோற்றுப்போன அணி, அடுத்த ஆண்டுக்கான மலிவான ஆட்களை வாங்கிக்கொண்டு தன் நட்சத்திரங்களை வேண்டியவருக்குத் தள்ளிவிடுவதை வேறு எந்த வழியிலும் தடுக்க முடியாது.

இதற்காகக் கூட்டிய பொதுக்குழுவுக்குப் பத்தில் ஆறு பேர்தான் வந்தார்கள். ஏழு பேர் இல்லாமல் விதியை மாற்ற முடியாது. வராதவர்களுக்கு வேலை இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வராதவர்களே மறுநாள் வாட்ஸ்அப்பில் "செயலாளர் இஷ்டத்துக்கு விதி போடுதார்" என்று எழுதியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. விதியின் நகல் இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் போயிருந்தது.

அமெரிக்கப் பெரிய லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலிலேயே சம்பள வரம்பு இல்லையே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். கண்டிப்பான வரம்பு இல்லை, உண்மைதான். ஆனால் 2025-ல் மொத்தச் சம்பளம் 24.1 கோடி டாலரைத் தாண்டிய அணிகள் லீக்குக்கு வரி கட்டின. பெரும் சம்பளம் கொடுக்கும் டாட்ஜர்ஸ் அணி 2024, 2025 இரண்டிலும் பட்டம் வென்ற பிறகு, வரம்பு வேண்டுமா என்ற வாதம் அங்கேயும் சூடாகத்தான் இருக்கிறது. அணி உரிமையாளர்களுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உள்ள தொழிலாளர் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது.

வரவு செலவு: இணையதளக் கட்டணம், கோப்பை, ஏலத்தன்று டீ வடை போக மிச்சம் சொற்பம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மூன்று பேரின் சந்தா இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அவர்களில் இருவர் ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கும் பட்டியலை மட்டும் தவறாமல் அனுப்பியிருக்கிறார்கள்.

மாடி தந்த குடும்பத்தாருக்கும், பொருளாளருக்கும், விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஸ்கோர் பார்த்துக் குழுவில் போட்ட தம்பிகளுக்கும் நன்றி.

அடுத்த ஏலம் மார்ச் 22, ஞாயிறு. பங்குனி உத்திரத்துக்கு முன்பே வருவதால் சாஸ்தா கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. அன்று காலையிலேயே விதியை மறுபடி வைக்கிறேன். பிடிக்காதவர்கள் வந்து எதிர்த்து ஓட்டுப் போடட்டும், அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஏழு பேர் வராவிட்டால் இந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அன்றே பேசிவிடலாம். சந்தாவைப் பிப்ரவரி முடிவதற்குள் பொருளாளரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்