எனக்கு இரண்டு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஃபேஸ்புக் பற்றிய கட்டுரையில், 'வீட்டில் ஒரு பெயர், ஃபேஸ்புக்கில் ஒரு பெயர் என்று இருப்பவர்கள் தங்கள் இனத்தைச் சொல்லக் கூசுபவர்கள்' என்று ஒரு வரி. பர்மாவில், யாங்கோனில் உட்கார்ந்து அதைப் படித்தேன். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

வீட்டில் நான் முத்துலட்சுமி. பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் முதல் கின் மே. அடையாள அட்டையிலும் அதுதான். 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனதும், நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகச் சென்னைக்குப் போனதும் தங்களுக்குத் தெரியாததல்ல. போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் நாங்கள். பர்மியப் பெயர் இல்லாமல் பிழைப்பு ஓடாது என்று அப்பாதான் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தார்.

ஃபேஸ்புக்கில் சேரும்போது முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வந்தது. பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. நமக்கும் அப்பா பெயரின் முதலெழுத்தை விட்டால் ஏது? ஒரு கட்டத்தில் 'கின்', இன்னொன்றில் 'மே' என்று உடைத்துப் போட்டேன். அதைப் பார்த்துவிட்டுத் திருச்சியிலிருந்து சித்தி மகள் வீடியோவில் கூப்பிட்டாள். "மதம் மாறிட்டியாமே அக்கா, சொல்லவே இல்ல?" போனைத் திருப்பிச் சுவரில் இருந்த மாரியம்மன் படத்தைக் காட்டிய பிறகுதான் மேற்கொண்டு பேசினாள்.

என் மகன் பிடிவாதமாகத் தமிழ்ப் பெயரிலேயே கணக்கு வைத்திருந்தான். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்த படத்தைப் போட்டான். அரை மணி நேரத்துக்குள் 'கலா, உன் நாட்டுக்குப் போ' என்று வரிசையாக வந்து விழுந்தது. இந்தியரை ஏசுவதற்கு இங்கே அந்தச் சொல்தான். 2017-ல் ஃபேஸ்புக்காரர்கள் அதைத் தடுக்கப் போய், கடலைப் பருப்புக்குப் பர்மியத்தில் 'கலாபே' என்பதால் பருப்பைப் பற்றி எழுதியவர்களின் பதிவும் சேர்ந்து காணாமல் போயிற்று. அதற்கு முன்பே என் மகன் பெயரை மாற்றிவிட்டான். கூசி மாற்றினானா, பயந்து மாற்றினானா என்று எழுதுவதற்கு முன் எங்களில் ஒருவரைக் கேட்டிருக்கக் கூடாதா?

2021 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஃபேஸ்புக்கையே தடுத்துவிட்டது. தடையைத் தாண்ட விபிஎன் என்கிற செயலியைப் போட்டுத்தான் சொந்தபந்தங்களைப் பார்க்கிறோம். அம்மா அப்பா போய்விட்டார்கள். தெருவில் நான் 'டோ கின் மே'; 'டோ' என்பது வயதில் மூத்த பெண்களுக்கு இங்கே போடும் மரியாதைச் சொல். முத்து என்று என்னைக் கூப்பிட இந்தச் சின்னத் திரைக்குள் இருக்கும் நாலு பேர்தான் மிச்சம். அந்த இடத்தைப் போய் வேஷம் போடும் இடம் என்கிறீர்களே ஐயா.

கடல் கடந்த தமிழர் சிறப்பிதழ் போட்டீர்கள். சிங்கப்பூர் வந்தது, கனடா வந்தது, பர்மாவுக்கு ஒரு பத்தி கூட இல்லை. அதைக் கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தையும் பாதியாக வெட்டி, கீழே 'பர்மா வாசகி' என்று மட்டும் போட்டீர்கள்.

திருத்தம் வெளியிடச் சொல்லிக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைப் போட்டால், தயவுசெய்து என் பெயரை வெட்டாமல் கீழே உள்ளபடியே போடுங்கள்.

இப்படிக்கு,
முத்துலட்சுமி என்கிற கின் மே
யாங்கோன்