அன்றிரவு கதவைத் தட்டிய அண்ணாவுக்கு

பக்கத்து வீட்டுத் தீயில் அக்காவையும் அவர் அம்மாவையும் பறிகொடுத்து மூன்று வாரம் ஆகிறது. தெருவே இன்னும் வாய்விட்டுப் பேசவில்லை.

இரவு 2 மணிக்கு எங்களைத் தட்டி எழுப்பியது நீங்கள்தான். கூடத்தில் புகை தலைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மகளின் அறைக்கு ஓடிய என்னை நிறுத்தி, புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தீர்கள். சுடவில்லை என்றதும்தான் திறந்தீர்கள். "குனிஞ்சு வாங்க, தரையோட தரையா வாங்க" என்றீர்கள். முகம் தரையருகே போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. வரும் வழியில் ஒவ்வொரு கதவையும் சாத்திக்கொண்டே வந்தீர்கள். சாத்திய கதவு தீயையும் புகையையும் தாமதப்படுத்தும் என்று தீயணைப்பு வீரர்கள் பிறகு சொன்னார்கள்.

மகளின் கை வெந்திருந்தது. நான் ஐஸ் தேடினேன், வேண்டாம் என்று தடுத்து 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்தீர்கள்.

பிறகு பக்கத்து வீட்டுக்குள் போக இரண்டு முறை முயன்றீர்கள். உங்களைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. படியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்களே, அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அண்ணா, அவர்கள் தூக்கத்திலேயே புகையில் மயங்கிவிட்டார்கள். அந்த வீட்டுப் புகை அலாரத்தில் பேட்டரி இல்லை. உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை.

இப்போது தெருவில் எல்லா வீட்டிலும் அலாரம் மாட்டியிருக்கிறோம். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பது என் பொறுப்பு.

மகளுக்குப் போர்த்திய உங்கள் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஒருநாள் வாங்க, அண்ணா.