பெண்ணுரிமைக்கு நிதி வழங்கும் நாடுகளின் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மையீர், ஐயா,

வணக்கம். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக மும்பை தாராவியில், தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் இயங்கிவந்த ஆலோசனை மையம் சென்ற மாதம் மூடப்பட்டது. மூன்றாண்டுக்கென ஒப்பந்தமான வெளிநாட்டு உதவி, இரண்டாம் ஆண்டின் நடுவிலேயே ஒற்றை மின்னஞ்சலில் நிறுத்தப்பட்டதே காரணம்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உதவிகளை முடக்கியதும், தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காடாக இருந்த உதவியை 2027இல் 0.3 ஆக்கப்போவதாகப் பிரிட்டன் அறிவித்ததும், பிற நாடுகளுடனான உறவிலும் உதவியிலும் பெண்ணுரிமையை முன்னிறுத்தும் பெண்ணிய வெளியுறவுக் கொள்கையை உலகுக்கு முதலில் அறிவித்த சுவீடனே 2022இல் அதைக் கைவிட்டதும் நாங்கள் உங்களுக்குச் சொல்ல வேண்டியவை அல்ல. எவ்வளவு தருவது என்பது உங்கள் அரசுகளின் முடிவு. ஒப்புக்கொண்ட உதவியை நடுவில் நிறுத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறோம். நிறுத்தியே தீர வேண்டுமென்றால் ஓராண்டுக்கு முன்பே தெரிவியுங்கள்.

அந்த மையத்தில் தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் பலருக்கு மராத்தி தெரியாது. இந்தியும் கடைகண்ணிக்குப் போய்வரும் அளவுக்குத்தான். காவல் நிலையத்தில் புகார் மராத்தியில் எழுதப்படும். கரண்டியைக் காய்ச்சிக் கையில் வைத்தான் என்று அவள் சொன்னது, எழுத்தில் கணவன் மனைவி தகராறு என்று சுருங்கிவிடும். ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்லி, விட்டுப்போனதைச் சேர்க்க வைத்து, மருத்துவமனைச் சீட்டையும் இணைத்த பிறகே கையெழுத்திடச் சொல்வார். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது. நடப்பதோ வாய்தாவுக்கு மேல் வாய்தா. ஒவ்வொன்றுக்கும் கூடப்போனவர் அவர்தான். மையம் மூடிய பின், கைக்குழந்தையோடு வழக்கு நடத்திவந்த ஒருத்தி, ஜீவனாம்ச மனு என்று நம்பிச் சமரசப் பத்திரத்தில் கைரேகை வைத்துவிட்டு, அடித்தவன் வீட்டுக்கே திரும்பியிருக்கிறாள். உங்கள் திட்ட அறிக்கையில் இவளுக்கு எந்தக் கட்டத்தில் இடம் வைத்திருக்கிறீர்கள்?

பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படி 2021-22இல் கொடை நாடுகள் நேரடியாகத் தந்த உதவியில் பாலினச் சமத்துவத்தையே முதன்மை நோக்கமாகக் கொண்டது 4 விழுக்காடு. பெண்ணுரிமை அமைப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு விழுக்காடுகூட இல்லை. மாநாட்டு மேடைகளில் எங்கள் பெயரால் பேசப்படுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் எங்களைப் புண்படுத்துகிறது. எங்கள் அரசின் மீதும் எங்களுக்கு மனத்தாங்கல் உண்டு. வெளிநாட்டு நிதியைப் பெற்ற நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றக் கூடாது என்று 2020இல் சட்டத்தைத் திருத்தியதால், நீங்கள் விலகும்போது டில்லியிலுள்ள பெரிய அமைப்புகள் அந்தப் பணத்திலிருந்து எங்களைத் தாங்கிப்பிடிக்கவும் வழியில்லை. இது உங்களுக்குத் தெரிந்தும் ஒரே நாளில் கைவிட்டதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

சொற்களில் கடுமை தெரிந்தால் பொறுத்தருள வேண்டும். இனி எழுதும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஓராண்டு முன்னறிவிப்பை நிபந்தனையாகச் சேர்க்குமாறும், மூடப்பட்ட மையங்களில் நிலுவையிலுள்ள வழக்குகள் முடியும்வரை ஆலோசகர்களின் சம்பளத்தையாவது தொடர்ந்து வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
தாராவித் தமிழ்ப் பெண்கள் சார்பில்