பாடம் தொடங்குமுன் பார் கவுன்சிலிடம் கேள்

அன்புள்ள கயலுக்கு,

வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை உங்கள் கல்லூரியிலேயே படிக்க ஏற்பாடு செய்யும் பொறுப்பு உனக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தாய். எந்தப் பல்கலைக்கழகத்தோடு சேரலாம் என்று பட்டியல் போட்டிருக்கிறாய். அதைக் கொஞ்சம் ஒதுக்கி வை. படித்து முடிக்கிற பிள்ளை தன் நாட்டு நீதிமன்றத்தில் அங்கி அணிந்து நிற்க முடியுமா என்பதை முதலில் தெரிந்துகொள். அதைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியிடம் கேட்காதே. அவர் முடியும் என்றுதான் சொல்வார். பார் கவுன்சில் போல, வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பிடம் கேள்.

ஒரே பட்டத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே மதிப்பு கிடையாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதலே மாணவர்கள் லண்டனுக்கு வராமல் தேர்வு எழுத வழி செய்திருக்கிறது. மண்டேலா சிறையிலிருந்தபடி அதன் சட்டப் படிப்பைப் படித்தார். அந்தப் பட்டத்தை வைத்து மலேசியாவில் வழக்கறிஞராவதற்கான சி.எல்.பி. தகுதித் தேர்வு எழுதலாம், தேறியபின் ஒன்பது மாதப் பயிற்சி உண்டு. சிங்கப்பூரில் தனியாக ஓர் அங்கீகாரப் பட்டியல் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளியிலிருந்தே படித்து வாங்கும் வெளிவாரிப் பட்டம் அங்கே செல்லாது. தொலைநிலையில் படித்த சட்டப் பட்டத்தை இந்தியப் பார் கவுன்சில் பதிவுக்கு ஏற்பதில்லை. இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் இரு வகை: சட்ட ஆலோசனை தந்து ஆவணங்களைக் கவனிக்கும் சொலிசிட்டர், நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர். சொலிசிட்டர் ஆவதற்கு 2021 முதல் எஸ்.கியூ.இ. என்ற தகுதித் தேர்வு வந்துவிட்டது, அதை எழுத எந்தத் துறைப் பட்டமும் போதும். வேடிக்கைதான்.

ஆகவே அந்த அமைப்புக்குக் கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கு. முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டுமா, எத்தனை ஆண்டு, எந்த வகுப்பில் தேற வேண்டும், ஓர் ஆண்டாவது அந்த நாட்டுக்குப் போய்ப் படித்தாக வேண்டுமா என்று தனித்தனியாகக் கேள். பள்ளி இறுதித் தேர்வில் என்ன வேண்டும் என்பதையும் விட்டுவிடாதே. பட்டம் சரியாக இருந்தும், அதில் சேர்ந்தபோது இருந்த கல்வித் தகுதி போதாது என்று விண்ணப்பம் திரும்பினால், அதன்பின் யாராலும் சரிசெய்ய முடியாது.

அடுத்து, எந்த ஏற்பாடு என்பது. வெளிவாரி முறையில் மாணவர் நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொள்வார். நீங்கள் கற்பிக்க மட்டும்தான். வினாத்தாளும் திருத்தமும் அவர்கள் கையில். இரட்டை ஏற்பாட்டில் இரண்டு ஆண்டு இங்கே, கடைசி ஆண்டு அங்கே. இன்னொரு முறையில் அவர்களுடைய பாடத்திட்டத்தை மூன்று ஆண்டும் நீங்களே நடத்தி, அவர்கள் மேற்பார்வை செய்து பட்டம் தருவார்கள். இதில் ஒரு நுணுக்கம்: படித்த இடத்தைச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ அச்சிடும் வழக்கம் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் உண்டு. பதிவு அமைப்பு அதைப் படிக்கும். மாதிரிச் சான்றிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பார்.

பாடத் தேர்விலும் கோட்டை விடுவார்கள். ஒப்பந்தம், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு ஈடு கேட்பது), குற்றவியல், பொதுச் சட்டம், நிலச் சட்டம், ஈக்விட்டியும் டிரஸ்டும் (நியாய நெறிகளும் அறக்கட்டளைச் சொத்தும்), ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் ஆகிய ஏழும் இங்கிலாந்தில் நெடுங்காலம் அடிப்படைப் பாடங்களாக இருந்தவை. டிரஸ்ட் கடினம் என்று மாணவர் விட்டுவிட்டு எளிதான ஒன்றை எடுப்பார். பிறகு பதிவு அமைப்பு அதையே கேட்கும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதே, ஐரோப்பியச் சட்டம் இனி எதற்கு என்ற கேள்வியும் வரும். உங்கள் நாட்டு விதியில் அது இன்னும் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். விருப்பப் பாடப் படிவத்தில் மாணவர் கையெழுத்திடுமுன் நீ ஒருமுறை சரிபார்.

பாடம் நடத்துகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. மாணவர்கள் படிப்பது இங்கிலாந்துச் சட்டம், பிழைக்கப்போவது தங்கள் நாட்டுச் சட்டத்தில். ஒப்பந்தத்தில் ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாகக் கிடைப்பது மறுபயன். இங்கிலாந்தில் அதை வாக்குறுதி பெற்றவரே தந்திருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்திலோ வேறு எவரும் தரலாம். மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த வழியில் வந்ததே. வயது வராதவர் செய்த ஒப்பந்தம் அடியோடு செல்லாது என்று இந்தியச் சட்டத்துக்குப் பொருள் சொன்னது 1903ஆம் ஆண்டு மொஹோரி பீபி வழக்கு. இங்கிலாந்துச் சட்டம் அவ்வளவு கண்டிப்பானதல்ல. லண்டன் தேர்வில் உள்நாட்டு விடையை எழுதினால் மதிப்பெண் போகும், உள்நாட்டுத் தேர்வில் லண்டன் விடையை எழுதினாலும் அதே கதி. மூன்றாம் ஆண்டில், மதிப்பெண் இல்லாத தனி வகுப்பாக, இந்த வேறுபாடுகளை மட்டும் நடத்தச் சொல். முதல் ஆண்டிலேயே வைத்தால் குழம்பிப்போவார்கள்.

மணிக்கணக்கை விளம்பரத்திலேயே போடு. பிரிட்டிஷ் பட்டம் 360 கிரெடிட், ஆண்டுக்கு 120. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. 30 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 300 மணி நேரம்; 25 வாரத்தில் முடிப்பதானால் வாரம் 12 மணி. நான்கு பாடத்துக்கு 48 மணி. வகுப்பில் நீங்கள் தருவது இதில் கால் பங்கு இருக்கலாம், மிச்சம் தீர்ப்புகளைத் தானே படிப்பது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவரை ஆண்டுக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்க விடாதே. வகுப்புக் குறிப்பை மனப்பாடம் செய்து, கேட்ட கேள்விக்குப் பதிலாகத் தெரிந்ததையெல்லாம் கொட்டுவதால்தான் பெரும்பாலும் தோற்கிறார்கள். விடைத்தாள் திருத்தியவர்கள் எழுதும் தேர்வாளர் அறிக்கைகளை ஆண்டுதோறும் வரி வரியாக வகுப்பில் படிக்க வை.

மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோரிடம் முதல் மாதமே பேசிவிடு. தொண்ணூறுகள் வாங்கிப் பழகிய பிள்ளை 58 கொண்டு வந்தால் வீட்டில் இடி விழும். அங்கே 40 தேர்ச்சி, 50 முதல் 59 இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை, 60 முதல் 69 மேல்நிலை, 70உம் அதற்கு மேலும் முதல் வகுப்பு. இங்கிலாந்தில் பாரிஸ்டர் படிப்புக்கு 50இல் தொடங்கும் அந்தக் கீழ்நிலையாவது வேண்டும் என்பதையும் சொல்லிவை.

பணம் வெளிவாரி முறையில் மூன்று இடத்துக்குப் போகும்: பல்கலைக்கழகப் பதிவு, உங்கள் கற்பித்தல் கட்டணம், தேர்வு மையக் கட்டணம். மூன்றையும் ஒரே தொகையாகச் சொன்னால் முதல் ஆண்டே சண்டை வரும். பவுண்டு ஏறினால் பதிவுக் கட்டணமும் ஏறும் என்று எழுதிக் கொடு. இடையில் விலகினால் எது திரும்பும், எது திரும்பாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஒப்பந்தம் முறிந்தால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்கும்வரை பாடமும் தேர்வும் தொடரும் என்ற பிரிவு இல்லாமல் கையெழுத்திட வேண்டாம் என்று உங்கள் முதல்வரிடம் சொல். "இயன்றவரை முயல்வோம்" என்று எழுதியிருந்தால் அதை நீக்கச் சொல்லி, எத்தனை ஆண்டு என்று எண்ணால் எழுதி வாங்கு. மூன்றாண்டுப் படிப்பானால் தேர்வில் தவறியவர்களையும் சேர்த்து ஐந்து ஆண்டாவது கேள். வரைவு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, படித்துக் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா