கைபேசியில் நிரப்பியது கணினியில் ஏன் காணோம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிறுவனங்கள் ஆளுக்கொரு கைபேசிச் செயலி வெளியிடுவது பற்றி உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பல வருடமாக ஜாவாவில் இணையச் செயலிகள் எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன், பாதி இடங்களில் தனிச் செயலியே தேவையில்லை, இருக்கிற தளத்தை எல்லாக் கருவிக்கும் சேர்த்து ஒழுங்காகக் கட்டினாலே போதும்.

போன மாதம் ஒரு காப்பீட்டு விண்ணப்பம், மொத்தம் ஏழு பக்கம். ரயிலில் உட்கார்ந்து கைபேசியில் ஐந்து பக்கம் நிரப்பினேன். ஆவணங்கள் மடிக்கணினியில் இருந்ததால் வீட்டுக்கு வந்து அதில் நுழைந்தால், முதல் பக்கம் காலியாக நிற்கிறது. சரி என்று கைபேசிக்கே திரும்பினால் அங்கேயும் 'நேரம் முடிந்துவிட்டது'.

நிரப்பியதையெல்லாம் செஷனில், அதாவது ஒருவர் தளத்தில் இருக்கும் நேரத்துக்கான தற்காலிகப் பதிவில், மட்டும் வைத்தால் இப்படித்தான் ஆகும். செஷன் சர்வரின் நினைவகத்தில் இருக்கும், அதன் சாவியோ அந்த ஒரு பிரவுசரின் குக்கீயில் (தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு) இருக்கும். வேறு கருவியிலிருந்து வந்தால் சர்வருக்கு நாம் புது ஆள். அதோடு ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் சர்வர் மென்பொருளான டாம்கேட்டில் யாரும் மாற்றி வைக்காவிட்டால், 30 நிமிடம் சும்மா இருந்தாலே செஷன் போய்விடும். 'அடுத்து' பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை வரைவாக டேட்டாபேஸில் பயனர் கணக்கோடு சேர்த்து எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, எந்தக் கருவியில் நுழைந்தாலும் ஆறாம் பக்கத்திலிருந்து தொடரலாம்.

அப்புறம், ஒரே படிவம் இரண்டு கருவியிலும் திறந்திருந்தால்? ஜாவாவிலிருந்து டேட்டாபேஸில் எழுதிப் படிப்பதற்கான ஜேபிஏவில் இதற்கென்றே வெர்ஷன் புலம் இருக்கிறது, பதிவு மாறும்போதெல்லாம் மாறுகிற ஒரு எண். அந்த எண் படிவத்தோடு போய்த் திரும்பி வரும்படி செய்துவிட்டால், பழைய பிரதியைக் கொண்டுவந்து புதியதன் மேல் எழுதப் பார்க்கும்போது சர்வர் தடுத்துவிடும். வைல்டுஃபிளை, கிளாஸ்ஃபிஷ் என்கிற ஜாவா சர்வர்கள் இரண்டிலும் ஜேபிஏ கூடவே வருகிறது, ஜேசான் என்கிற எளிய உரை வடிவில் எந்தக் கருவிக்கும் தரவு கொடுக்கும் ரெஸ்ட் வசதியும் அப்படியே. டாம்கேட்டில் லைப்ரரிகளை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றுமே திறந்த மூலம், உரிமக் கட்டணம் கிடையாது, ஏதாவது புரியவில்லை என்றால் மூல நிரலையே திறந்து பார்த்துக்கொள்ளலாம். நான் அப்படிப் பார்த்துத்தான் பாதி கற்றேன்.

பிரவுசர் தன்னைப் பற்றிச் சர்வருக்குச் சொல்லும் யூசர் ஏஜென்ட் வரியைப் பார்த்து 'இது கைபேசி, இது கணினி' என்று சர்வரே பிரித்து வெவ்வேறு பக்கம் அனுப்புகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13இலிருந்து ஐபேடின் சஃபாரி இயல்பிலேயே தன்னை மேக் என்றுதான் சொல்லிக்கொள்கிறது, அதை நம்பிக் கணினிப் பக்கத்தை அனுப்பினால் விரலால் தொட முடியாத குட்டிக் குட்டி மெனுக்கள்தான் வரும். திரையின் அகலத்தைப் பார்த்து அடுக்குவது, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் வேலை. அதற்கான மீடியா குவெரி வசதி 2012இலேயே, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகிவிட்டது.

அடுத்த முறை செயலிகளை மதிப்பிட்டு எழுதும்போது, கைபேசியில் பாதி நிரப்பிவிட்டுக் கணினியில் தொடர முடிகிறதா என்பதையும் உங்கள் நிருபர் ஒரு தடவை செய்து பார்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு ஜாவா நிரலாளர்