சந்தா பாக்கிக்கும் மண ஓலைக்கும் என்ன சம்பந்தம்?

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் உள்ள கத்தோலிக்கப் பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கு,

இயேசுவுக்கே புகழ். நேராகவே கேட்கிறேன். கோயில் சந்தா பாக்கி உள்ள குடும்பத்துக்கு ஓலை (இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் சொல்லும் அறிவிப்பு) வாசிக்கக் கூடாது என்று எந்தச் சட்டத்தை வைத்துச் சொல்கிறீர்கள்? எங்கள் சொந்தத்தில், காபித் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிற ஒருவர் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டு ஓலை கொடுக்கப் போனால், ‘பாக்கியைக் கட்டிச் சீட்டு வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்’ என்றிருக்கிறார்கள். பழம் பறிப்பு தொடங்கினால்தான் அந்த வீட்டில் நாலு காசு புழங்கும் என்பது மலையில் யாருக்குத் தெரியாது? வட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்.

1983-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட திருச்சபைச் சட்டத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதம், எந்த மனித அதிகாரமும் அதற்கு ஈடாகாது என்கிறது எண் 1057. சட்டம் தடுக்காத எவரும் திருமணம் செய்யலாம் (1058). குறிப்பிட்ட ஒரு திருமணத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் ஆயர் மட்டத்தில்தான் இருக்கிறது, அதுவும் பெரிய காரணம் இருந்தால், அந்தக் காரணம் நீடிக்கும்வரை மட்டும் (1077). பங்குத்தந்தைக்கே இல்லாத அதிகாரம் பேரவைக்கு எங்கிருந்து வந்தது? 536-ன்படி பேரவை ஆலோசனை சொல்கிற அமைப்பு, அவ்வளவுதான். ஏழ்மையால் யாரும் திருமணம் போன்ற திருவருட்சாதனத்தை இழந்துவிடக் கூடாது என்று 848 தனியாகவே சொல்லிவைத்திருக்கிறது.

கோயிலுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கடமை 222-ல் இருக்கிறது. ஆனால் வசூலிக்க வேறு நாளே இல்லையா, பெண் வீட்டார் எதிர்த்துப் பேச முடியாத நேரம் பார்த்தா கேட்பது?

ஓலை விஷயத்தில் குருக்கள், துறவிகள் அல்லாத பொதுநிலையினருக்கு உண்மையாகவே ஒரு வேலை உண்டு, அதைத்தான் நாம் விட்டுவிட்டோம். தடை ஏதும் தெரிந்தால் திருமணத்துக்கு முன்பே சொல்ல எல்லா விசுவாசிகளும் கடமைப்பட்டவர்கள் (1069). ஏற்கெனவே ஒரு திருமணம் ஆகியிருக்கிறதா, பெண்ணை மிரட்டிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில்) பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் முதலில் தெரியும். நம் பக்கம் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கட்டிக்கொடுப்பது சாதாரணம், ஆனால் திருச்சபைச் சட்டத்தில் இவை மூன்றாம், நான்காம் படி இரத்த உறவு, விதிவிலக்கு வாங்காமல் நடந்தால் அந்தத் திருமணமே செல்லாது (1091). இதை எத்தனை குடும்பங்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்? பத்திரிகை அடித்த பிறகு தெரியவந்து, கடைசி நேரத்தில் விதிவிலக்கு வாங்கச் சேலம் ஆயர் இல்லத்துக்கு ஓடுகிறவர்கள் பாவம் இல்லையா?

அடுத்த கூட்டத்திலேயே பாக்கிச் சீட்டு வழக்கத்தை எடுத்துவிடுவதாகத் தீர்மானம் எழுதுங்கள். பாக்கியைத் தவணையாக வாங்கலாம், முடியாதவர்களுக்குத் தள்ளியும் விடலாம். இப்படி எழுதுவதை மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவைகளை மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்லும் உரிமையை 212 எங்களுக்குத் தருகிறது, அதனால் இதன் நகல் ஒன்றை ஆயர் இல்லத்துக்கும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு பங்குவாசி