உப்பள முதலாளிகளுக்கு: முதலில் கழிப்பறை, அப்புறம் அறிவுரை

மதிப்பிற்குரிய உப்பள முதலாளிகளுக்கு வணக்கம்.

மார்ச் மாதம் சிறுநீரக தினத்தன்று அளத்தில் முகாம் நடத்தினீர்கள். நல்ல காரியம். பந்தலில் கட்டியிருந்த பேனரில் 'தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்' என்று இருந்தது. பெண்களுக்கு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலும் கொடுத்தீர்கள். குடித்துவிட்டு எங்கே போவது என்று மட்டும் பேனரில் இல்லை.

ஆண்கள் கருவேலமரத்துப் பக்கம் போய்விடுவார்கள். என் அம்மா 22 வருடம் உங்கள் பாத்திகளில் உப்பு வாரியவர். விடியற்காலை நாலு மணிக்குப் போனால் வீடு திரும்பும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க வேண்டுமே. நீர்க்கடுப்பு வரும், இடுப்பு வலிக்கும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் போவார். அவருக்குச் சர்க்கரை கிடையாது. வெயிலில் உடம்பு வற்றினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும், வலி மாத்திரை அதை இன்னும் குறைக்கும், வருடக்கணக்கில் இப்படிப் போனால் தாங்காது என்று டாக்டர் விளக்கியபோது கிரியேட்டினின் (சிறுநீரகம் கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கழிவு) 8-ஐத் தாண்டியிருந்தது.

இப்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால் தண்ணீரை அளந்துதான் கொடுக்கிறோம். நேற்று ராத்திரி இன்னும் அரை டம்ளர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. "அன்னைக்குத் தண்ணி இருந்துச்சு, கக்கூஸ் இல்ல. இன்னைக்குக் கக்கூஸ் இருக்கு, தண்ணி இல்ல" என்று சிரித்தார்.

ஏதோ ஒரு வீட்டில் நடந்தது என்று தள்ளிவிடாதீர்கள். 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்தார்கள். பத்தில் ஒன்பது பேர் வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை பார்த்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறைந்திருந்தது.

உப்பு அம்பாரம் மழையில் கரையக்கூடாது என்று ஓலை போட்டு மூடத் தெரிகிறது. வாருகிறவருக்கு நிழல் கேட்டால் மட்டும் கணக்குப்பிள்ளையிடம் சொல்லச் சொல்கிறீர்கள். ஆள் கரைந்தால் வேறு ஆள் வரும், உப்பு அப்படியா!

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: ஒவ்வொரு அளத்திலும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை. பக்கத்திலேயே குடிதண்ணீரும் ஒரு நிழல் கொட்டகையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரஷரும் கிரியேட்டினினும் பாருங்கள். எல்லாம் ஒரேயடியாக முடியாதென்றால் கழிப்பறையை மட்டுமாவது, இந்த வருடம் மழை வந்து வேலை நிற்பதற்குள் கட்டிக்கொடுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
உங்கள் அளத்தில் உப்பு வாரியவரின் மகள்